39பி என்று கேட்டதும் வீட்டை அடகு வைக்காதீர்கள்

கேட்டிருப்பது இது: அக்கா மகன், 22 வயது, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சியாபுவோடு (மெத் என்கிற போதைப்பொருள்) பிடிபட்டிருக்கிறான். போலீஸ் 39பி என்கிறது, அதாவது தூக்கு வரை போகக்கூடிய போதைப்பொருள் கடத்தல் பிரிவு. ஒரு லோயர் நாற்பதாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். வீட்டை அடகு வைப்பதா, இலவச லோயரே போதுமா?

நான் லோயர் இல்லை. பிறையில் லோரி டயர் கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தது கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்துதான், அதுவும் இரண்டரை வருஷம். "போதைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான் பார்" என்று கீழே எழுத வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு எழுதுங்கள். என் தம்பி சுத்தமான பிள்ளை என்று நான் எங்கேயும் சொல்லப் போவதில்லை.

2019 அக்டோபர். தம்பிக்கு அப்போது 26 வயது, பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். ஃபிளாட்டில் ஓர் அறையை இன்னும் இரண்டு பையன்களோடு பகிர்ந்து தங்கியிருந்தான். போலீஸ் வந்தபோது அறையில் இருந்தவன் இவன் மட்டும்தான். அலமாரிக்கு மேலே சப்பாத்து (ஷூ) பெட்டி, பெட்டிக்குள் மூன்று பொட்டலம். நிறுத்தார்கள், 61 கிராம். மெத் 50 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். ஹெராயினுக்கு அந்தக் கணக்கு 15 கிராம், கஞ்சாவுக்கு 200. அதனால் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம், 39பி. "அண்ணே, தூக்குக் கேஸ்" என்று போனில் சொன்னது பக்கத்து வீட்டுப் பையன். போலீஸிலிருந்து எனக்கு யாரும் போன் பண்ணவில்லை.

அங்கேதான் முதல் தப்பு பண்ணினேன். பிடிபட்டவனுக்குச் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லவும் லோயரோடு பேசவும் உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஓர் ஆள். பலாய் (போலீஸ் ஸ்டேஷன்) வாசலில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருப்பார், "ஐஓ (விசாரணை அதிகாரி) நம்ம ஆளுதான், மூவாயிரம் கொடு, ரிமாண்டோடு முடிச்சிடலாம்" என்றார். கொடுத்தேன். ரசீது கேட்டேனா? கேட்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். உங்களிடமும் இந்நேரம் ஒருத்தர் வந்திருப்பார், வராவிட்டால் நாளைக்கு வருவார். அது லஞ்சம். கொடுப்பவனும் குற்றவாளிதான். நல்லவேளை, அந்த ஆள் என்னைத்தான் ஏமாற்றினார், யாருக்கும் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

39பி மாதிரி பெரிய குற்றத்துக்கு முதலில் ஏழு நாள், அப்புறம் இன்னொரு ஏழு நாள் என்று ரிமாண்ட் வாங்கலாம். முதல் நாள் மேஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். லோக்காப் சட்டை, வெறுங்கால், இன்னொருத்தன் கையோடு சேர்த்து விலங்கு. அம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினான். அந்த இன்னொருத்தன் கையும் கூடவே மேலே வந்தது. அவன் பாவம், தம்பி துடைத்து முடிக்கும்வரை கையை அப்படியே விட்டுக்கொண்டு நின்றான். அம்மா இன்றைக்கும் தம்பியைப் பற்றிப் பேசினால் அந்த அடையாளம் தெரியாத பையனைப் பற்றித்தான் கேட்பார்.

அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் லோயர் ஒருத்தர், சின்னப் பெண், யார் யாருக்கு லோயர் இல்லை என்று தானாகவே கேட்டுக்கொண்டு வந்தார். ரிமாண்டைக் குறைக்கச் சொல்லி வாதாடினார். கிடைத்தது என்னவோ ஏழு நாள்தான். ஆனால் ஒரு பைசா வாங்காமல் அவர் சொன்ன விஷயத்துக்குத்தான் நான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்: "போலீஸ் நிறுத்தது பொட்டலத்தோடு சேர்த்து. கோர்ட்டில் எடுபடுவது கிமியா (இரசாயன) இலாகா சொல்லும் சுத்த எடை. அந்த ரிப்போர்ட் வரும்வரைக்கும் இந்த 39பி நிலையான நம்பர் இல்லை."

நான்கு மாதம் காத்திருந்தோம். 39பியில் ஜாமீன் கிடையாது, எனவே அவன் ரிமாண்ட் கைதியாகச் சிறையில். 2020 பிப்ரவரி தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில் அவன் உள்ளேதான் இருந்தான். மாதக் கடைசியில் ரிப்போர்ட் வந்தது. 61 கிராமில் மெத் 24 கிராமும் கொஞ்சமும். மீதி என்ன கலவையோ, விற்றவனுக்குத்தான் வெளிச்சம். குற்றச்சாட்டு 39ஏ(1)க்கு இறங்கியது. மெத் 5 கிராமிலிருந்து 30 கிராமுக்குள் இருந்தால் அதுதான். இரண்டிலிருந்து ஐந்து வருஷம் சிறை, மூன்றிலிருந்து ஒன்பது பிரம்படி. சின்னத் தண்டனை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கயிற்றுக்கும் இதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஜாமீனும் கிடைத்தது. இதற்கும் குறைவான எடை என்றால் 12(2), ஐந்து வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், சில சமயம் இரண்டும்.

ரிப்போர்ட்டில் 50க்கு மேல் வந்துவிட்டால்? அப்போதும் முடிந்துபோனதாக அர்த்தமில்லை. "உன் வசம் இருந்தது, அதனால் உனக்குத் தெரியும்" என்று ஓர் அனுமானம், அதன் தலையில் "எடை அதிகம், அதனால் கடத்தினாய்" என்று இன்னோர் அனுமானம், இப்படி அடுக்க முன்பெல்லாம் சட்டத்திலேயே வழி இருந்தது. 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த 37ஏ பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று தூக்கிவிட்டது. 2023 ஜூலை 4இலிருந்து கட்டாயத் தூக்கும் இல்லை. தூக்கா, ஆயுளோடு பிரம்படியா என்பதை நீதிபதி தீர்மானிக்கலாம். எனவே அக்காவிடம் "தூக்குதான்" என்று சொல்லி அழ வைக்கிறவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இனி லோயர். 39பி நிலைத்து ஹைகோர்ட்டுக்குப் போனால், வசதி இல்லாதவர்களுக்குக் கோர்ட்டே லோயரை நியமிக்கும், காசு கிடையாது. இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள், மரண தண்டனை வழக்கை யார் கையிலும் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். குறைந்த பிரிவுக்கு இறங்கினால் மேலே சொன்ன அறவாரியம் இருக்கிறது, வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது, வருமானத்தைப் பார்ப்பார்கள். நாங்கள் தனியாக ஒருத்தரை வைத்தோம், பன்னிரண்டாயிரம், தவணையில். காசு எதற்குப் போனது என்று கண்ணால் பார்த்தேன். ரெய்டு வந்த அதிகாரியிடம் அவர் நான்கே கேள்விதான் கேட்டார். அறைக்கு எத்தனை சாவி? மூன்று. மற்ற இரண்டு சாவி யாரிடம்? பெட்டியில் கைரேகை எடுத்தீர்களா? அந்தச் சப்பாத்து என்ன சைஸ்? கடைசிக் கேள்விக்கு அதிகாரி ஃபைலைப் புரட்டினார், பதில் இல்லை. பெருந்தொற்றில் கோர்ட் மூடித் திறந்து, 2022இல்தான் தீர்ப்பு: எதிர்வாதத்துக்கே அழைக்காமல் விடுதலை.

முழு உண்மையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எடுத்த சிறுநீரில் மெத் இருந்தது. பெட்டி அவனுடையது இல்லை, ஆனால் அவன் இழுத்தது இழுத்ததுதான். 15(1)(ஏ) பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூவாயிரம் அபராதம் கட்டினான், இரண்டு வருஷம் போதைத் தடுப்பு நிறுவனத்தின் கண்காணிப்பு. சொன்ன தேதிக்கெல்லாம் போய்ச் சிறுநீர் கொடுத்தான், ஒரு தடவைகூடத் தவறவில்லை. உங்கள் பையனுக்கும் சிறுநீர் கேஸ் தனியாக வரலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். "ஒன்றை ஒத்துக்கோ, எல்லாம் முடிஞ்சிடும்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவை என்று கேளுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, பொறுத்துக்கொள்ளுங்கள். 2023 தைப்பூசத்துக்கு ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் ஊற்றத் தம்பி போனான். பந்தல் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைச்சுக்காதே, பேப்பர்ல படம் வந்த பையன், சனங்க பார்ப்பாங்க" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பந்தலுக்குப் பனிக்கட்டிக் காசு என்னுடையது. அதை வாங்கும்போது யார் பார்த்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. பிடிபட்ட அன்று படம் போட்ட பேப்பர் விடுதலையான அன்று ஒரு வரி போடவில்லை. சரி, விடுங்கள். அடுத்த வருஷத்திலிருந்து வீட்டு வாசலிலேயே மோர் ஊற்றுகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை இப்போது தொடாதீர்கள். ரிமாண்டுக்கு எந்தக் கோர்ட், என்றைக்கு என்று ஐஓவிடம் கேட்டு, காலையிலேயே போய் அறவாரியத்தின் லோயரைப் பிடியுங்கள். நாற்பதாயிரம் கேட்பவரிடம், கிமியா ரிப்போர்ட் வந்து பிரிவு இறங்கினால் ஃபீஸும் இறங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். யார் ஜாமீன் நிற்பது என்பதையும் இந்த நான்கு மாதத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். எங்களுக்கு ஜாமீன் கிடைத்த அன்று, நிற்கிறேன் என்று சொன்ன மாமா போனை அணைத்துவிட்டார். கடையில் டயர் கழற்றும் பையனின் அப்பாதான் ஐசியை (அடையாள அட்டை) எடுத்துக்கொண்டு மோட்டாரில் வந்தார்.