'கெட்' படுத்தும் பாடு

கேள்வி: ஆங்கிலத்தில் 'கெட்' என்ற சொல்லுக்கு எத்தனை பொருள்தான் உண்டு? எப்படிப் பிடிபடும்?

பதில்: பொருள்களை மனப்பாடம் செய்யாதீர்கள், அதற்கு அடுத்து வரும் சொல்லைக் கவனியுங்கள். பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் கிடைப்பது, வாங்குவது. பெயரடை வந்தால் 'ஆகு': 'இட் இஸ் கெட்டிங் டார்க்' என்றால் இருட்டிக்கொண்டு வருகிறது. இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'கெட் டு த ஸ்டேஷன்'. ஆனால் 'கெட் ஹோம்' என்பதில் 'டு' வராது.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது பிறரைக்கொண்டு செய்விக்கும் வேலையில்தான். சலூனுக்குப் போய்வந்து 'முடி வெட்டிக்கொண்டேன்' என்கிறோம். அதை அப்படியே 'ஐ கட் மை ஹேர்' என்றால், கத்தரியை நீங்களே பிடித்ததாக அர்த்தம். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதே சரி ('காட்' என்பது 'கெட்'டின் இறந்தகாலம்). செய்யும் ஆளைக் குறிப்பிட்டால் 'டு' கட்டாயம்: 'ஐ காட் ஹிம் டு சைன்', அதாவது அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். 'காட்'டுக்குப் பதில் 'மேட்' ('மேக்'கின் இறந்தகாலம்) போட்டால் அந்த 'டு' கூடாது: 'ஐ மேட் ஹிம் சைன்'. இந்த இரண்டையும் குழப்பி 'மேட் ஹிம் டு சைன்' என்று எழுதுவது மிகப் பரவலான பிழை.

பஸ்ஸிலிருந்து இறங்க 'கெட் டவுன்' என்பது இந்திய வழக்கு. பிரிட்டனில் 'கெட் ஆஃப்'. காரென்றால் 'கெட் அவுட்'.