“ஒத்துழைக்காத தாய்” என்று அறிக்கையில் எழுதலாமா?

வணக்கம். சமூகப்பணிக் களப்பயிற்சி அறிக்கையில் “ஒத்துழைக்காத தாய்” என்று எழுதியதை மேற்பார்வையாளர் ‘ஒடுக்கும் மொழி’ எனத் திருப்பிவிட்டார், “விளிம்புநிலைத் தாய்” என்று மாற்றியும் ஏற்கவில்லை என்கிறீர்கள். அவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். சொல் மாறியிருக்கிறது, பார்வை மாறவில்லை.

அந்த அம்மா சந்திப்புகளுக்கு வரவில்லை. நடந்தது அவ்வளவுதான், ‘ஒத்துழைக்காத’ என்பது உங்கள் தீர்ப்பு. அதை நாளை இன்னொரு பணியாளர் படிப்பார், ஒருவேளை நீதிபதியும் படிப்பார். பிள்ளை யாரிடம் வளர்வது என்பதையே அந்த ஒரு சொல் சாய்த்துவிடலாம். “சந்திப்புகளை அவருடைய வேலை நேரத்தில் வைத்தேன், வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்கிறார்” என்று எழுதிப் பாருங்கள். சிக்கல் அவர் குணத்தில் இல்லை, நாம் குறித்த நேரத்தில் இருக்கிறது என்பது தெரியும். ‘வைக்கப்பட்டன’ என்று எழுதாதீர்கள், வைத்தவர் மறைந்துவிடுவார்.

ஒடுக்குமுறையைத் தனிமனிதர், பண்பாடு, சமூகக் கட்டமைப்பு என மூன்று தளங்களில் பார்க்கும் முறையை சமூகப்பணி நூலாசிரியர் நீல் தாம்சன் 1993இல் முன்வைத்தார். உங்கள் வரைவு முதல் தளத்திலேயே நின்றுவிட்டது. ‘விளிம்புநிலை’ தவறான சொல் இல்லை. ஆனால் யார், எப்படி விளிம்புக்குத் தள்ளினார்கள் என்று சொல்லாமல் ஒட்டினால் அதுவும் முத்திரைதான்.

அப்புறம், வரைவை அந்த அம்மாவிடமே வாசித்துக் காட்டுங்கள். அவர் மறுக்கும் வரிகளை அழிக்க வேண்டியதில்லை. மறுப்பை அவர் சொற்களிலேயே பக்கத்தில் பதியுங்கள். பிள்ளைக்கு ஆபத்து இருந்தால் மட்டும் மழுப்பவே கூடாது: என்ன பார்த்தீர்கள், எப்போது என்று நேராக எழுதுங்கள்.