ஏ.எல்.பி. (உதவி லோகோ பைலட்) வேலையில் மாதத்தில் பாதி இரவு ரன்னிங் ரூமில்தான் என்கிறார்களே, வீட்டையும் உடம்பையும் எப்படிச் சமாளிப்பது?

ஏ.எல்.பி. வேலை உறுதியாகிவிட்டது, ஆரம்பத்தில் கூட்ஸ்தான் கிடைக்கும், வீட்டில் மனைவி, இரண்டு வயதுக் குழந்தை, சர்க்கரை உள்ள அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். இரவில் வெளியூரில் தங்குவதை எப்படிப் பழகிக்கொள்வது என்பது உங்கள் கேள்வி.

வெளியூரில் தங்குவது இரண்டு மாதத்தில் பழகிவிடும். ரன்னிங் ரூம் என்பது வண்டி ஓட்டுகிறவர்கள் வெளியூரில் தங்கும் ரயில்வே விடுதி. அங்கே கட்டில், விரிப்பு, சமையல்காரர் எல்லாம் உண்டு. பல இடங்களில் ஏ.சி.யும் வந்துவிட்டது. பழகாமல் படுத்துவது வேறு: எப்போது கிளம்புவோம், எப்போது திரும்புவோம் என்று தெரியாமலே இருப்பது. எக்ஸ்பிரஸ், பாசஞ்சர் ஓட்டுகிறவர்களுக்கு லிங்க், அதாவது யார் எந்த வண்டி என்ற அட்டவணை, இருக்கிறது. வரப்போகும் நாட்களை ஓரளவு முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். கூட்ஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஈரோட்டிலிருந்து ஜோலார்பேட்டை சுமார் 180 கிலோமீட்டர்தான். வழி கிடைத்தால் நாலு மணி நேரத்தில் போய்ச் சேரலாம். எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு லூப் லைனில் கிடந்தால் ஏழெட்டு மணி நேரமும் ஆகும். அதனால் 'செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன்' என்று கிழமையை வைத்துத் திட்டம் போட்டால் மாதம் முழுக்க வீட்டில் சண்டைதான். ஓய்வுக் கணக்கை வைத்துப் போடுங்கள்.

அந்தக் கணக்கை மனைவிக்கும் சொல்லிக்கொடுங்கள். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்துவிட்டு ஹெட்குவார்ட்டர்ஸில், அதாவது உங்கள் சொந்த டிப்போ இருக்கும் ஊரில், இறங்கினால் 16 மணி நேர ஓய்வு, எட்டுக்குக் குறைவாக இருந்தால் 12. வெளியூரில் இறங்கினால், எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் பார்த்த வேலைக்கு 8 மணி நேரம், ஐந்திலிருந்து எட்டுக்குள் என்றால் 6, ஐந்துக்கும் குறைவென்றால் பார்த்த நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி. இதைத் தவிர மாதத்தில் 30 மணி நேரமாக நான்கு பி.ஆர். (பீரியாடிக் ரெஸ்ட் என்ற முறை ஓய்வு), அல்லது 22 மணி நேரமாக ஐந்து. ஒவ்வொன்றிலும் ஒரு முழு இரவுத் தூக்கம் அடங்க வேண்டும். ஹெட்குவார்ட்டர்ஸை விட்டுப் போனால் 72 மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் விதி. அந்த 30 மணி நேரத்துக்குள்ளேயே 16-உம் அடங்கிவிடுமா, தனியா என்பது நெடுநாள் தகராறு. 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் 46 மணி நேரம் கழித்துத்தான் வண்டி ஏறுவோம் என்று நின்றது இதற்காகத்தான். உங்கள் லாபியில் (வேலைக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் பதிவு செய்யும் அலுவலகம்) இப்போது எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று சேர்ந்த முதல் வாரமே சீனியரிடம் கேட்டுவிடுங்கள்.

சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் மாட்டி, சைன் ஆஃப் ஆனதும் (வேலை முடித்துப் பதிவு செய்ததும்) அந்த நேரத்தையும், அடுத்த கால், அதாவது வேலைக்கு வரச் சொல்லும் அழைப்பு, எப்போதிலிருந்து வரலாம் என்பதையும் பென்சிலால் எழுதுங்கள். காலை 6-க்கு சைன் ஆஃப் என்றால் இரவு 10-க்கு சைன் ஆன் வரலாம், கால் அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், 8 மணிக்கே வரலாம். அந்த எட்டு மணி வரை நீங்கள் வீட்டுக்குச் சொந்தம். அதற்குப் பிறகு எந்த வாக்கும் கொடுக்காதீர்கள்.

இனி தூக்கம். இந்த வேலையில் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விடியற்காலை 3:30-க்கு ஜோலார்பேட்டையில் சைன் ஆஃப் ஆகிறீர்கள் என்று வையுங்கள். ரன்னிங் ரூம் போய்ச் சேர 3:50. எட்டு மணி நேர ஓய்வு 11:30-க்கு முடியும், ஆனால் கால் 9:30-க்கே வந்துவிடலாம். கையில் இருப்பது ஐந்து மணி நாற்பது நிமிடம். புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். குளியல் அரை மணி, சாப்பாடு அரை மணி, போன் முக்கால் மணி என்று போய் 5:35-க்குப் படுப்பார்கள். வெளிச்சம் வந்தபின் தூக்கமும் ஆழமாக வராது. வரிசையை மாற்றுங்கள். முகம், கை கால் கழுவி, பசித்தால் இரண்டு வாழைப்பழமோ கொஞ்சம் மோர்ச்சாதமோ சாப்பிட்டு, 4:15-க்குக் கட்டிலில் இருக்க வேண்டும். குளியலும் சாப்பாடும் எழுந்தபின். கண்ணுக்குக் கறுப்புத் துணிப் பட்டி, காதுக்குப் பஞ்சு அல்லது ஸ்பாஞ்ச் அடைப்பான். கால் வந்தால் ஆள் வந்து எழுப்புவார்கள், ஆனால் அடைப்பான் போட்டிருப்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள், தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாது. காலை ஏழு மணிக்குப் படுக்கப் போகிறோம் என்று தெரிந்தால் கடைசி டீ, காபி ராத்திரி இரண்டு மணியோடு சரி. அதற்குப் பிறகு குடிப்பது வண்டியில் பெரிதாக உதவாது, கட்டிலில் நிச்சயம் தொல்லை கொடுக்கும்.

எட்டு மணி நேரம் முடிந்தும் வண்டி இல்லை என்று மதியம்வரை உட்கார வைப்பதும் அடிக்கடி நடக்கும். அப்போது டி.வி. முன்னாலும் சீட்டுக் கச்சேரியிலும் பொழுதைக் கரைத்துவிட்டு, ராத்திரி 9-க்குக் கால் வந்ததும் முழிப்பார்கள். மதியம் 2 மணிவரை கால் வரவில்லை என்றால் இரவு வேலைதான் என்றே முடிவுகட்டி, 2-லிருந்து 4-க்குள் ஒன்றரை மணி நேரம் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டில் கண்ணை மூடிக் கிடப்பதில் லாபம் உண்டு.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. விடிகாலை 2-லிருந்து 5-வரை உடம்பு தானாகவே அணையும். 'அதுதான் வி.சி.டி. இருக்கிறதே' என்று நினைக்காதீர்கள். பட்டனை அழுத்தி விழித்திருப்பதைக் காட்ட வேண்டிய எஞ்சின் கருவி அது. ஏறக்குறைய 60 விநாடி கைவேலை எதுவும் இல்லையென்றால் முதலில் விளக்கு, சில விநாடியில் பஸர், அதற்கும் அசைவில்லையென்றால் பிரேக் என்பது அதன் வேலை. பழகிய கை அரைத்தூக்கத்திலும் அந்தப் பட்டனை அழுத்தும். கண் திறந்தே இருக்கும், கை அழுத்திக்கொண்டே இருக்கும், சிக்னல் மட்டும் மனதில் ஏறாது. சிக்னலை நீங்களும் லோகோ பைலட்டும் வாய்விட்டு மாறி மாறிச் சொல்லிக்கொள்வது வெறும் சடங்கு ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் குரல் இழுத்தால், தாமதமாக வந்தால், உடனே எழுந்து நின்று பேசச் சொல்லுங்கள். அவர் சீனியராயிற்றே என்று கூச்சப்பட வேண்டாம்.

எஞ்சினைவிட ஆபத்து, இறங்கியபின் வீட்டுக்குப் போகும் பைக். இரவெல்லாம் விழித்துவிட்டு காலை ஆறு மணிக் குளிர்காற்றில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டும்போது கண் இரண்டு விநாடி செருகினாலும் முப்பது மீட்டர் போயிருக்கும். கொட்டாவி அடுக்கடுக்காக வந்தால், வந்த வழி நினைவில் இல்லையென்றால், வண்டியை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள், அல்லது லாபியிலேயே இருபது நிமிடம் சாய்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அதற்குமேல் சாய்ந்தால் எழுந்திருக்கும்போது தலை கிறுகிறுக்கும்.

வீட்டில் பகல் தூக்கம் தனிக் கலை. தடித்த திரை, காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச், குக்கர் வைக்கும் வேலையை ஏழரை மணிக்கு முன்னால் முடிப்பது, இந்த மூன்றும் போதும். காலை 6-க்கு இறங்கியிருந்தால் 7:30-லிருந்து 12:30 வரை ஒரு தூக்கம், அதன்பின் குழந்தை, சாப்பாடு, பேங்க், கடை. மாலை 5:30-லிருந்து 7 வரை இன்னொரு தூக்கம். இரண்டாவதை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நாள் நன்றாகப் போயிற்று, விருந்தாளி வந்தார்கள் என்று விட்டால் அதன் விலையை ராத்திரி இரண்டு மணிக்குக் கொடுப்பீர்கள்.

சாப்பாட்டு விஷயம். ரன்னிங் ரூமில் அரிசி, பருப்பு, காய் கொண்டுபோய்க் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். பல இடங்களில் குறைந்த விலைச் சாப்பாடும் உண்டு. இரண்டு நாள் வெளியே என்றால் வேளைக்கு 150 கிராம் வீதம் 600 கிராம் அரிசி, 150 கிராம் துவரம் பருப்பு, ஒரு சின்ன பாட்டிலில் புளிக்காய்ச்சல், ஒன்றில் பருப்புப்பொடி, ஐம்பது மில்லி நல்லெண்ணெய் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம். வண்டியில் சாப்பிட வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது வேறு கணக்கு. எஞ்சின் கேபின் சூடு. தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, வெங்காயம் வதக்கிப் போட்ட சாதம் ஆறு மணி நேரத்துக்குள் நாற்றமடிக்கும். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாங்கும். அதுவும் தட்டில் பரப்பி நன்றாக ஆறவைத்து, பிறகு டப்பாவில் வைத்தால்தான். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வேர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டிய இடத்திலிருந்து கெட ஆரம்பிக்கும். ராத்திரி ஒரு மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். பத்து மணிக்கு ஒரு முறை, மூன்று மணிக்குக் கையளவு கடலையோ பழமோ. இன்னும் பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பறை கிடையாது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்கிறவர்கள் பின்னால் சிறுநீரகக் கல்லோடு நிற்கிறார்கள். மணிக்கு ஒன்றிரண்டு மடக்காவது குடியுங்கள், வண்டி ஸ்டேஷனில் நிற்கும்போது அனுமதி கேட்டு இறங்கிப் போய்வாருங்கள்.

சைன் ஆனிலும் சைன் ஆஃபிலும் மது குடிக்கவில்லை என்று கருவியில் ஊதிக்காட்ட வேண்டும். அரிஷ்டம், ஆசவம் எல்லாம் புளிக்கவைத்துச் செய்வது, ஆல்கஹால் உண்டு. சில இருமல் மருந்திலும், வாய் கொப்பளிக்கும் மருந்திலும், ஹோமியோபதிச் சொட்டு மருந்திலும் உண்டு. வேலைக்குப் போகும் அன்று இவற்றைத் தொடாதீர்கள். தெரியாமல் கொப்பளித்துவிட்டிருந்தால் வாயைத் தண்ணீரில் நன்றாக அலசி, 15-20 நிமிடம் கழித்து மறுபடி ஊத அனுமதி கேளுங்கள், வாயில் மட்டும் இருந்தது போய்விடும். 2025 பிப்ரவரியில் திருவனந்தபுரம் கோட்டத்தில் இளநீரும் சில பழங்களும்கூடக் கூடாது என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். இளநீரைக் குடியுங்கள்.

வீட்டுக்கு வருவோம். வண்டி ஓட்டும்போது போன் அணைத்திருக்க வேண்டும். ஆக, அம்மாவுக்கு ராத்திரி சர்க்கரை இறங்கினால் உங்களுக்குச் சொல்ல முடியாது, சொன்னாலும் நடுவழியில் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உங்களை நம்பாத ஏற்பாடு ஒன்று வேண்டும். ஒரு தாளில் பெரிய எழுத்தில் 108, பக்கத்து வீட்டில் ராத்திரி கதவைத் தட்டக்கூடிய இரண்டு பேர், வண்டி வைத்திருக்கும் ஓர் ஆள், அம்மாவின் மாத்திரைப் பட்டியல், ரயில்வே மருத்துவ அட்டை இருக்கும் இடம். அதே தாளில் லாபி போன் நம்பர், உங்கள் க்ரூ ஐ.டி. லாபிக்குச் சொன்னால் அங்கிருந்து கண்ட்ரோல் (வண்டிகளை நடத்தும் கட்டுப்பாட்டு அறை), கண்ட்ரோலிலிருந்து அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் என்று செய்தி வரும். மாற்று ஆள் கிடைக்கும் இடத்தில் இறக்கியும் விடுவார்கள். எந்த வண்டியில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் இது சீக்கிரம் நடக்கும். ஏறும்போது 'ஏறிட்டேன்' என்பதோடு வண்டிப் பெயரும், இறங்கியதும் 'இறங்கிட்டேன்' என்றும் மனைவிக்கு ஒரு மெசேஜ், ராத்திரி எத்தனை மணியானாலும். நடுவில் பதில் வராவிட்டால் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது என்றால் அப்பா இல்லாததைவிட அப்பா தூங்கும்போது சத்தம் போடக் கூடாது என்பதுதான் அதற்குக் கஷ்டம். பகலில் நீங்கள் தூங்கும் அறையும் அது விளையாடும் இடமும் வேறாக இருக்கட்டும். ஒற்றை அறை வீடு என்றால் அந்த ஐந்து மணி நேரத்துக்கு அம்மாவோடு மாடியோ பால்வாடியோ. பிறந்தநாள், காதுகுத்து போன்றவற்றை அந்தத் தேதியிலேயே கொண்டாட வேண்டும் என்ற பிடிவாதத்தை விடுங்கள், பி.ஆர். விழும் நாளில் வைத்துக்கொள்ளலாம். கண்டிப்பாக இருந்தாக வேண்டிய நாளுக்கு லீவை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்ட லீவு, ஆள் பற்றாக்குறை உள்ள லாபியில் நிற்காது.

மனைவியிடம் காஸ் புக்கிங், மோட்டார் பழுது பார்ப்பவர், பேங்க் கணக்கு, சாவிகள் எல்லாம் முழுதாக ஒப்படைத்துவிடுங்கள். ஒப்படைத்தபின், இரண்டு நாள் கழித்து வந்து 'ஏன் இவரைக் கூப்பிட்டாய்' என்று கேட்கக் கூடாது. இதில்தான் பல வீடுகளில் புகைச்சல். பணத்தில் ஒன்று மட்டும்: கிலோமீட்டர் அலவன்ஸ் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், டிரெயினிங், லீவு, மருத்துவ விடுப்பில் அடிபடும். வீட்டுக்கடன் தவணையை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்குகிற மாதிரி போடுங்கள்.

லோகோ பைலட் மருத்துவத் தகுதி ஏ-1. 45 வயதுவரை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும், 55 வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு வருடா வருடமும் சோதிப்பார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் நீங்கள் அதற்குக் காத்திருக்காமல் வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பை. வீட்டுக்கு வந்த அன்றே அழுக்குத் துணியை எடுத்துவிட்டு மறுபடி கட்டி வைத்துவிடுங்கள்: லுங்கி, துண்டு, போர்வை, தட்டு, டம்ளர், கொசு மருந்து, மாத்திரை, டார்ச், சார்ஜர். கண்ணாடி போடுகிறவர் என்றால் இரண்டாவது ஜோடியும். அது விதியிலேயே இருக்கிறது. கால் வந்தபின் கட்டினால் இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி அதிலேயே போய்விடும், குழந்தையை எடுத்துக் கொஞ்ச நேரமிருக்காது.