கலவரம் நடந்த சாலமன் தீவுகளுக்குப் போகலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஸ்கூபா டைவிங் செய்பவர்கள். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க சாலமன் தீவுகளுக்குப் போக நினைக்கிறோம். தலைநகர் ஹொனியாராவில் ஐந்து நாள், அப்புறம் கீசோவில் ஒரு வாரம். ஆனால் இணையத்தில் தேடினால் 2021-ல் சைனா டவுன் எரிந்த வீடியோதான் வருகிறது. சென்னையிலிருந்து கிளம்பும் நாங்கள் இதை எப்படி எடைபோடுவது?

பதில்: போகலாம். ஹொனியாராவை மட்டும் இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பயணத் தேதியை முடிவு செய்யும் முன் அந்நாட்டு நாடாளுமன்றம் எப்போது கூடுகிறது என்றும் பார்த்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

ஹொனியாராவின் பெரிய கலவரங்கள் திடுதிப்பென்று வெடித்தவை அல்ல. 2006 ஏப்ரலில் எம்.பி.க்கள் கூடி ஸ்னைடர் ரினியைப் பிரதமராகத் தேர்ந்தெடுத்த அன்றுதான் சைனா டவுன் முதல்முறை எரிந்தது. 2019 ஏப்ரலில் மனாசே சோகவாரே பிரதமராகத் தேர்வானபோதும் கல்வீச்சு. 2021 நவம்பர் 24 அன்று நாடாளுமன்றம் கூடும் நாளாகப் பார்த்து, சோகவாரே பதவி விலக வேண்டும் என்று மலைட்டா தீவுக்காரர்கள் திரண்டார்கள். தைவானை விட்டுவிட்டு 2019-ல் சீனாவுடன் உறவு வைத்துக்கொண்டது, தங்கள் தீவுக்கு வளர்ச்சி வரவில்லை என்ற பழைய மனக்குறை, இரண்டும் சேர்ந்துகொண்டன. இதில் கவனிக்க வேண்டியது, மக்கள் ஓட்டுப் போடும் நாள் பெரும்பாலும் அமைதியாகவே கழிகிறது. சில வாரம் கழித்து எம்.பி.க்கள் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் நாளும், நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் நாளும்தான் சூடானவை. எப்போதும் அப்படி என்றும் இல்லை. 2024 மே 2 அன்று ஜெரமையா மனேலே பிரதமரானபோது ஊர் அமைதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அப்படிப்பட்ட வாரத்தில் நான் ஹொனியாராவில் அறை போடமாட்டேன்.

அடுத்து வரைபடத்தைப் பாருங்கள். ஃபிஜியில் 2000-ல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து பிரதமரையே பணயக்கைதியாகப் பிடித்து வைத்திருந்தார்கள். அது நடந்தது தலைநகர் சுவாவில். சர்வதேச விமான நிலையமோ தீவின் மறுகோடியில், நாடியில் இருக்கிறது. தலைநகரின் பக்கமே போகாமல் ஊர் திரும்பலாம். ஹொனியாராவில் அந்த வசதி கிடையாது. விமான நிலையம் ஊருக்குக் கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கடலோரமாகப் போகும் பிரதான சாலை ஒன்றுதான். அது மடானிகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, சைனா டவுனுக்கு அருகில் போய், 2021-ல் கொள்ளையும் தீவைப்பும் நடந்த ரனாடி தொழிற்பேட்டை வழியாகச் செல்கிறது. மூழ்கிய கப்பல்களைப் பார்க்க நீங்கள் டைவிங் செய்யப்போகும் பொனெகி கடற்கரையோ ஹொனியாராவுக்கு மேற்கே. அதாவது, ஏதாவது நடந்தால் விமானம் பிடிக்க ஊரின் குறுக்கே போயாக வேண்டும். அதனால் பொனெகியை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிட்டு கீசோவுக்குப் போய்விடுங்கள். கீசோ இருக்கும் மேற்கு மாகாணம் தனி உலகம், ஹொனியாரா அரசியலின் சூடு அங்கே அவ்வளவாக எட்டாது. திரும்பும்போது கீசோ விமானத்துக்கும் சர்வதேச விமானத்துக்கும் நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். கலவரமே இல்லாவிட்டாலும் அங்கே உள்நாட்டு விமானங்கள் நேரத்துக்குப் பறப்பது அபூர்வம்.

நீங்கள் பார்த்த வீடியோவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2021-ல் கோவிட் காரணமாக நாட்டின் எல்லை மூடியிருந்தது; 2022 ஜூலையில்தான் திறந்தார்கள். ஆக, சுற்றுலாப் பயணிகளைக் கும்பல் எப்படி நடத்தும் என்பதற்கு அந்த வீடியோ சாட்சியே அல்ல. கோபம் திரும்பியது அரசுக் கட்டடங்கள் மீதும் கடைகள் மீதும். எரிந்த கடை ஒன்றில் மூன்று சடலங்கள் கிடைத்தன. பயணி ஒருவர் அங்கே இருந்திருந்தால் அடி வாங்கியிருப்பார் என்பதைவிட, ஊரடங்கில் அறைக்குள் மாட்டிக்கொண்டு, கடையும் ஏடிஎம்மும் இல்லாமல் திண்டாடியிருப்பார் என்பதே அதிக சாத்தியம். உள்ளூர்ப் பணம் நான்கைந்து நாளுக்குக் கையில் இருக்கட்டும்.

கிளம்பும் முன் டைவிங் கடைக்காரரிடம் "பாதுகாப்பா இருக்கா?" என்று கேட்காதீர்கள். வியாபாரம் செய்பவர் வேறென்ன சொல்வார்? நேற்று விமானம் வந்ததா, சைனா டவுன் கடைகள் திறந்திருக்கின்றனவா, பெட்ரோல் பங்கில் வரிசை நிற்கிறதா என்று கேளுங்கள். போலீஸ் வழக்கம்போல வேலைக்கு வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். பக்கத்து நாடான பப்புவா நியூ கினியில் 2024 ஜனவரி 10 அன்று சம்பளப் பிடித்தத்தால் கோபமடைந்த போலீஸார் வேலையை நிறுத்தினார்கள். சில மணி நேரத்தில் அதன் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியில் கடைகள் சூறையாடப்பட்டன. உள்ளூர்ச் செய்திக்கு 'சாலமன் ஸ்டார்' நாளிதழைப் பாருங்கள். ஆஸ்திரேலிய அரசின் 'ஸ்மார்ட் டிராவலர்' தளத்தில் எச்சரிக்கை நான்கு படிகள் கொண்டது. இரண்டாம் படி கவனத்தோடு போகச் சொல்வது, மூன்றாம் படி பயணம் தேவைதானா என்று யோசிக்கச் சொல்வது. மூன்றுக்கு ஏறினால் ஒத்திப்போடுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. நாடி வழியாகப் போனால் ஃபிஜிக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை, சரி. ஆனால் குழப்பத்தில் விமானம் ரத்தாகி, பிரிஸ்பேன் வழியாக மாற்றிவிடுகிறார்கள் என்று வையுங்கள். அங்கே விமானம் மாறுவதற்கே ஆஸ்திரேலிய விசா வேண்டும், இல்லையென்றால் ஏற்றமாட்டார்கள். எந்த வழியில் போனாலும் ஆஸ்திரேலிய விசாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஹொனியாராவில் இந்தியத் தூதரகம் கிடையாது, போர்ட் மோர்ஸ்பியில் உள்ள தூதரகம்தான் கவனிக்கிறது. அவர்களுக்கு மின்னஞ்சலில் பயண விவரம் அனுப்பிவிடுங்கள்.

மற்றபடி, உங்களுக்குக் கலவரத்தைவிட மலேரியாதான் நிஜமான ஆபத்து. மருத்துவரைப் பார்த்துத் தடுப்பு மாத்திரை வாங்குங்கள். கரையில் கிடக்கும் போர்க்காலக் குண்டுகளைத் தொடாதீர்கள். 2021 மே மாதம் ஹொனியாராவில் மண்ணுக்கடியில் இருந்த குண்டு சமையல் நெருப்பில் வெடித்து உயிர்ப்பலியே ஆனது. காப்பீட்டை டிக்கெட் போடும் அன்றே எடுங்கள், செய்தி வந்தபின் எடுத்தால் அந்தக் கலவரத்துக்குப் பணம் தரமாட்டார்கள். டைவிங் விபத்தும், விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகும் மருத்துவச் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.