புறம்போக்கைக் கடக்க யாரைக் கேட்பது? – வாசகர் கேள்வி–பதில்

அரசு நிலத்தின் வழியாகப் பாதை, பாலம், குழாய் அமைப்பது பற்றி வந்த கடிதங்களில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, தஞ்சாவூர் மாவட்டத்தில் எனக்குள்ள பட்டா நிலத்துக்கும் ஊராட்சிச் சாலைக்கும் நடுவே வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறது. அதன் மேல் என் செலவில் சிறுபாலம் கட்டிக்கொண்டு, உள்ளே நெல் உலர்த்தும் களமும் ஒரு கிடங்கும் அமைக்க எண்ணுகிறேன். யாரிடம் அனுமதி பெற வேண்டும்? அனுமதி கிடைத்துவிட்டால் அந்தப் பாலத்தின் மேல் எனக்கு நிரந்தர வழிப் பாத்தியதை வந்துவிடுமா?

பதில்: முதலில் அது வாய்க்கால்தானா, எந்த வாய்க்கால் என்பதைக் காகிதத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிராம 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு எழுதியிருக்கிறது என்பதையும், புலப்படத்தில் அதன் அகலம் எத்தனை மீட்டர் என்பதையும் பாருங்கள். இரண்டையும் அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்திலேயே எடுத்துவிடலாம். இன்று நேரில் பார்த்தால் இரண்டு அடி அகலத்தில் புல் மண்டிக் கிடக்கும் வாய்க்கால், புலப்படத்தில் நான்கு மீட்டர் இருக்கக்கூடும். அரசு அலுவலர் அளப்பது புலப்பட அகலத்தை. ஆகவே பாலத்தின் வரைபடத்தையும் அந்த அகலத்துக்கே போட வேண்டும்.

வாய்க்கால் அரசின் சொத்து என்பது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. சாலைகள், பாதைகள், ஓடைகள், ஏரிகள், கால்வாய்கள் அனைத்தும் அரசுக்கு உரியவை என்று சொல்லும் அந்தப் பிரிவு, பொதுமக்களின் வழி உரிமைகளுக்கும் அண்டை நிலக்காரர்களின் பாத்தியதைகளுக்கும் உட்பட்டே அவை அரசுக்கு உரியவை என்று அதே வாக்கியத்தில் சேர்த்தும் சொல்கிறது. பலரும் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்; அதிகாரிகள் சிலரும் அப்படித்தான்.

நிலம் அரசுடையது என்றாலும் அதைப் பராமரிக்கும் பொறுப்பு வேறொரு துறையிடம் இருக்கும். காவிரிப் பாசனத்தைச் சேர்ந்த வாய்க்கால் என்றால் நீர்வளத் துறையின் செயற்பொறியாளர் அலுவலகம்தான் உங்கள் மனு போய்ச் சேர வேண்டிய இடம். ஏரிப்பாசன ஊர்களில் இருந்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் உள்ளன. வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்த மனு ஆறு மாதம் கழித்து 'உரிய துறையை அணுகவும்' என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இந்தக் குழப்பமே காரணம்.

மனுவோடு பட்டா நகல், புலப்படம், பாலம் அமையும் இடத்தைக் குறித்த வரைபடம், பாலத்தின் குறுக்குவெட்டு வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள். பொறியாளர் முதலில் பார்ப்பது குறுக்குவெட்டைத்தான். வாய்க்காலின் தரைமட்டம் உயரக் கூடாது. நீர் போகும் வழி குறுகக் கூடாது. கோடையில் தூர்வாரும் இயந்திரத்துக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாது. இரண்டு ஹியூம் குழாய்களைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டி 'பாலம்' என்று பெயரிடும் வழக்கம் டெல்டா முழுவதும் இருக்கிறது. ஐப்பசி மழையில் அந்தக் குழாய் வாயில் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொள்ள, மேல்மடைக்காரரின் சம்பா மூழ்கிய பிறகு அவர் கொடுக்கும் புகார்தான் உங்கள் அனுமதியை ரத்துசெய்யும் முதல் காகிதமாக இருக்கும். பெட்டி வடிவக் கான்கிரீட் பாலத்துக்குச் செலவு கூடும் என்றாலும், மனு நிற்பதற்கு அதுவே நல்லது. உங்களுடையது பாசன வாய்க்காலா வடிகால் வாய்க்காலா என்பதையும் மனுவிலேயே எழுதிவிடுங்கள், ஏனென்றால் வடிகாலில் வெள்ளக் காலத்து அளவைக் கணக்கில் எடுத்துத்தான் பாலத்தின் திறப்பை முடிவு செய்வார்கள்.

வேலை செய்யும் காலத்தையும் யோசித்து மனுக் கொடுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம் என்பதால், வாய்க்காலில் கைவைக்க உங்களுக்குக் கிடைப்பது தை மாதக் கடைசியிலிருந்து வைகாசி வரையிலான நாட்கள்தாம். அனுமதிக் கடிதம் கையில் வருவதற்குள் தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க நேரும். ஆகவே அறுவடைக்குக் காத்திராமல் புரட்டாசியிலேயே மனுவைக் கொடுத்துவிடுவது நல்லது. சாலையோடு பாலம் சேரும் இடத்துக்கு ஊராட்சியின் ஒப்புதலும், கிடங்குக்குக் கட்டட அனுமதியும் தனித்தனியே தேவை. கட்டட அனுமதிக்குப் போகும்போது அணுகுபாதை எங்கே என்று கேட்பார்கள் என்பதால் பாலத்தின் அனுமதியை முன்னதாக வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நிரந்தரப் பாத்தியதை வராது. அரசுத் துறை கொடுப்பது பெரும்பாலும் 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம் (பாத்தியதைகள் பற்றிய சட்டம்) 52-ஆம் பிரிவில் 'லைசென்ஸ்' என்று சொல்லும் வெறும் அனுமதி. அது நிலத்தில் எந்த உரிமையையும் உண்டாக்குவதில்லை. 'நான் செலவழித்து நிரந்தரக் கட்டுமானம் செய்துவிட்டேன், இனி ரத்துசெய்ய முடியாது' என்று 60-ஆம் பிரிவைக் காட்டி வாதிடுவோர் உண்டு. பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் 'துறை கேட்கும்போது இழப்பீடு கோராமல் சொந்தச் செலவில் அகற்றித் தருவேன்' என்ற நிபந்தனையில் கையெழுத்திட்டுவிட்டு அந்தப் பிரிவின் நிழலில் ஒதுங்குவது எளிதன்று. அதோடு இவ்வகை அனுமதி ஆளைச் சேர்ந்தது, நிலத்தைச் சேர்ந்ததன்று. நாளை நீங்கள் நிலத்தை விற்றால் வாங்குபவர் தம் பெயரில் புதிதாக அனுமதி கேட்க வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் 'பாலம் உள்பட' என்று எழுதிக் கொடுப்பது வாங்குபவருக்குச் செய்யும் நல்ல காரியமாகாது.

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேய்க்கால் புறம்போக்கு வழியாக 40 ஆண்டுகளாக மாட்டுவண்டியும் டிராக்டரும் போய்வருகின்றன. இப்போது ஊராட்சி அங்கே வேலி போட அளந்துகொண்டிருக்கிறது. எங்கள் கிரயப் பத்திரத்தில் 'மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட' என்று எழுதியிருக்கிறது. வழியை எழுதித் தரும்படி வட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாமா?

பதில்: அந்த மனுவை எழுதுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். காரணம் சொல்கிறேன்.

தனியார் நிலத்தின் மேல் 20 ஆண்டு அனுபவத்தால் பாத்தியதை பெறலாம் என்று சொல்லும் ஈஸ்மென்ட் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அரசு நிலத்துக்கு அதை 30 ஆண்டு என்று வைத்திருக்கிறது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் அதே கணக்கைச் சொல்கிறது. உங்கள் 40 ஆண்டு அந்த அளவைத் தாண்டுகிறது. ஆனால் அந்த அனுபவம் வெளிப்படையாகவும், அமைதியாகவும், இடைவிடாமலும், எல்லாவற்றுக்கும் மேலாக 'உரிமையாக' நடந்திருக்க வேண்டும். யாரிடமோ கேட்டுப் பெற்ற அனுமதியின் பேரில் நடந்திருந்தால் எத்தனை ஆண்டானாலும் அது உரிமையாக மாறாது. 'தயவுசெய்து வழிவிட அனுமதிக்க வேண்டுகிறேன்' என்று இன்று நீங்கள் எழுதும் வரி, நாளை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான ஆவணமாக வாசிக்கப்படலாம். முதல் வாசகருக்கு அனுமதி கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்களுக்கோ அனுமதி கேட்பதே ஆபத்து. 'எங்களுக்குள்ள வழிப் பாத்தியதையைப் பாதிக்காமல் வேலியில் 12 அடி திறப்பு விட வேண்டும்' என்று ஊராட்சிக்கு எழுதுவது வேறு வகையான கடிதம். அதை வழக்கறிஞரே எழுதட்டும்.

பத்திரத்திலுள்ள 'மாமூல் வழி' என்ற சொல் அரசைக் கட்டுப்படுத்தாது, ஏனென்றால் அதை எழுதிக் கொடுத்தவர் உங்களுக்கு விற்றவர், அரசன்று. ஆனாலும் வழி எத்தனை ஆண்டுப் பழக்கம் என்பதற்கு அது நல்ல சான்று. பழைய புலப்படத்தில் வண்டிப்பாதைக் கோடு இருந்தால் அது இன்னும் நல்ல சான்று. வேறொரு குறிப்பு: 'பி மெமோ' கட்டிய ரசீதுகள் சிலரிடம் கட்டுக்கட்டாக இருக்கும், அவற்றை உரிமைப் பத்திரம்போலப் பெட்டியில் வைத்திருப்பார்கள். அது ஆக்கிரமிப்புக்கான தீர்வையும் தண்டமும் கட்டிய ரசீது. அதைக் காட்டினால் நீங்கள் ஆக்கிரமிப்பாளர் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டதாகும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். மேய்க்கால், களம், மந்தை, சுடுகாடு போன்ற புறம்போக்குகள் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் பொறுப்பில் வருபவை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலங்களை மீட்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. எனவே வேலி போடும் ஊராட்சியின் செயலை நீதிமன்றம் எடுத்த எடுப்பில் தவறென்று கொள்ளாது. வழிநடை உரிமையை மட்டும் கேளுங்கள். வழியோரத்தில் மாட்டுக்கொட்டகை ஏதும் இருந்தால் வழக்குத் தொடுக்கும் முன் அகற்றிவிடுங்கள். அரசை எதிர்வாதியாகச் சேர்ப்பதானால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்பு தேவை. அவசரத் தடை வேண்டுமானால் நீதிமன்ற அனுமதியோடு அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: என் கிணறு சாலைக்கு மேற்கே, தென்னந்தோப்பு கிழக்கே. நடுவில் மாநில நெடுஞ்சாலை. நான்கு அங்குலக் குழாயைச் சாலைக்கு அடியில் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: மாநில நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். சாலையைக் குறுக்கே வெட்டுவதற்குப் பதில் படுக்கைவாக்கில் துளையிட்டு, உறைக்குழாய் ஒன்றைச் செலுத்தி, அதற்குள் உங்கள் குழாயை விடுவதாக எழுதினால் அனுமதி விரைவாகக் கிடைக்கும். பின்னால் குழாய் வெடித்தாலும் சாலையைத் தோண்டாமல் உருவி எடுக்கலாம். சீரமைப்புக் கட்டணமோ வைப்புத்தொகையோ கேட்பார்கள். சாலையை அகலப்படுத்தும்போது உங்கள் செலவில் குழாயை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தவிர்க்க முடியாத நிபந்தனை. அதே சாலை தேசிய நெடுஞ்சாலையாக அறிவிக்கப்பட்டிருந்தால் 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டப்படி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். ஆகவே சாலை இன்று யாருடையது என்பதைக் கேட்டுக்கொண்டு மனுவை எழுதுங்கள்.

கேள்வி: ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குச் சுனையிலிருந்து ஊராட்சி மூலம் குடிநீர்க் குழாய் கொண்டுவர விரும்புகிறோம். குழாய் காப்புக்காட்டின் வழியே சுமார் 2 கிலோமீட்டர் வர வேண்டும். டெல்லி வரை கோப்பு போக வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்கள் நேர்வில் போக வேண்டியதில்லை. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்குக் கொடுக்க 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் முன் ஒப்புதல் தேவை என்பது பொது விதி. (அந்தச் சட்டத்துக்கு 2023-இல் 'வன சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன் அதிநியம்' என்று பெயர் மாற்றினார்கள், மலையூர்க் கிராம சபையில் அதை வாசித்துக் காட்ட யாராவது முன்வந்தால் நல்லது.) ஆனால் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் 3(2)-ஆம் பிரிவு, வனப் பாதுகாப்புச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும் சரி என்ற முன்னுரையோடு, பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை உள்ளிட்ட 13 வசதிகளுக்குத் தனி வழி திறந்திருக்கிறது.

ஒவ்வொரு நேர்விலும் காட்டு நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும், வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவை மூன்றும் நிறைவேறினால் மாவட்ட வன அலுவலரின் அளவிலேயே அனுமதி கிடைக்கும். உங்கள் குழாய்க்கு 2,000 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் என்று கொண்டால் 0.2 ஹெக்டேர்தான் வருகிறது. தீர்மானத்தை அந்தக் கணக்கோடும் வரைபடத்தோடும் நிறைவேற்றுங்கள். வன உரிமை விதிகளின்படி நடக்கும் கிராம சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்பதால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தீர்மானத்தை எழுதுங்கள்.

இந்த வழி அரசு நிர்வகிக்கும் வசதிகளுக்கு மட்டுமே உரியது. அதே சுனையிலிருந்து மலையடிவாரத் தங்கும் விடுதிக்கு ஒரு கிளைக் குழாய் விடலாம் என்று யாராவது செலவில் பங்கு தர முன்வந்தால் ஏற்காதீர்கள். அந்தக் கிளைக்கு டெல்லி வரைதான் போக வேண்டும், கூடவே உங்கள் கோப்பும் போய்விடும்.