நம் ஊர்ச் செடிகொடிகள், உயிரினங்களின் சரியான ஆங்கிலப் பெயரைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேட்டவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். ஊரில் பார்த்த ஒரு செடியின் பெயரைத் தேடினால் நான்கு ஆங்கிலப் பெயர்கள் வருகின்றன, எதை எடுத்துக்கொள்வது என்பது அவருடைய சிக்கல். நான்குமே சரியாக இருக்கலாம். அந்தப் பெயர்களைச் சட்டம் போட்டு யாரும் வைக்கவில்லை. கண்ணில் பட்டதை, கைக்கு உதவியதை வைத்து அவரவர் கூப்பிட்டது நிலைத்துவிட்டது.

நாட்டுமருந்துச் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்பும் கடையில் கடிதப் போக்குவரத்து பார்க்கிறேன். அதனால் இந்தத் தலைவலி எனக்கு அன்றாடம் உண்டு. ஆங்கிலப் பெயர் மட்டும் போட்டு ஆர்டர் வந்தால் சரக்கைக் கட்டவே மாட்டோம். தாவரவியல் பெயரைக் கேட்டு வாங்கிய பிறகுதான் மற்றது. காரணம் சொல்கிறேன்.

‘பிரம்மி’ என்று எழுதுவார்கள். வடக்கே சிலர் அந்தப் பெயரால் வல்லாரையைச் சொல்வார்கள், சிலர் நீர்ப்பிரமியைச் சொல்வார்கள். வல்லாரைக்கு ஆங்கிலத்தில் இந்தியன் பென்னிவொர்ட். வட்டமாகக் காசு போன்ற இலை, அதனால் ‘பென்னி’. நீர்ப்பிரமிக்கு வாட்டர் ஹிஸ்ஸாப். பச்சையாகப் பார்த்தால் குழப்பமே இல்லை. வல்லாரை இலை சிறுநீரக வடிவில், ஓரம் பல்பல்லாக, நீண்ட காம்பில் நிற்கும். நீர்ப்பிரமியின் இலை சின்னது, தடித்தது, காம்பே இல்லாததுபோல் தண்டோடு ஒட்டியிருக்கும். ஆனால் காயவைத்துப் பொடித்து மூட்டைக்குள் போய்விட்டால் பெயரை நம்புவதைத் தவிர வாங்குகிறவருக்கு வழியில்லை.

நம் ஊர்ப் பெயரையே சுமக்கும் செடி ஒன்றும் உண்டு: டின்னவெல்லி சென்னா. திருநெல்வேலியைத்தான் ஆங்கிலேயர் டின்னவெல்லி என்றார்கள். இங்கே நிலாவிரை, நிலவாகை என்போம். அரபு நாட்டுப் பக்கத்துச் செடி. இங்குள்ள வறண்ட நிலம் அதற்குப் பிடித்துப்போய்விட்டது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக மலமிளக்கி மருந்துக்காக ஏற்றுமதியாகிறது. எகிப்து வழியாகப் போனதற்கு அலெக்சாண்டிரியன் சென்னா என்று பெயர். இரண்டையும் வேறு வேறு இனங்கள் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். இப்போது இரண்டுக்கும் ஒரே தாவரவியல் பெயர், சென்னா அலெக்சாண்டிரினா. சிற்றிலை ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். நடு நரம்பின் ஒரு பக்கம் காம்பில் சற்று மேலேயும் மறுபக்கம் சற்றுக் கீழேயும் சேரும். நம் சரக்கைப் பேல் கட்டி அழுத்துவதால் இலை தட்டையாக, மேலே குறுக்குக் கோடுகள் பதிந்து இருக்கும். அதை வைத்தே பழைய வியாபாரிகள் எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார்கள். ‘சென்னா இலை’ என்று மட்டும் எழுதினால் ஆவாரை இலையும் அதற்குள் அடங்கிவிடும், அதுவும் சென்னா பேரினம்தானே. ஆவாரைக்குத் தனியாக டேனர்ஸ் கேஸியா என்று பெயர் இருக்கிறது; பட்டையைத் தோல் பதனிட எடுத்ததால் வந்தது.

நித்தியகல்யாணியும் அப்படித்தான். நம் பக்கம் சுடுகாட்டு மல்லி என்று முகம் சுளிக்கும் அதே செடியிலிருந்துதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் பெரிவிங்கிள். ஆனால் கடல் நத்தை ஒன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்! ‘மடகாஸ்கர்’ என்று முன்னால் சேர்த்துத் தேடினால் நத்தை ஒதுங்கிக்கொள்ளும்.

முருங்கை, வெண்டை போன்றவற்றுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். டிரம்ஸ்டிக் என்றால் இந்தியாவில் புரியும், வெளியே மொரிங்கா என்று சொல்லுங்கள். வெண்டை இங்கே லேடீஸ் ஃபிங்கர், அமெரிக்காவில் ஓக்ரா.

விலங்குகளில் பெயரை வைத்து உறவு கொண்டாடுவதுதான் ஆபத்து. பனங்காட்டில் கலயத்துக்குள் வாய் வைக்கும் மரநாயை ஆங்கிலேயர் டாடி கேட், அதாவது கள்ளுப்பூனை என்றார்கள். நாம் நாய் என்றோம், அவர்கள் பூனை என்றார்கள். அது இரண்டும் இல்லை, புனுகுப்பூனைக் குடும்பம். ஓணானுக்குப் பிளட்சக்கர் என்று பெயர். பாவம், அது யாருடைய ரத்தத்தையும் குடிப்பதில்லை. இணைசேரும் காலத்தில் ஆணின் தொண்டை சிவக்கும், அவ்வளவுதான். பாம்பில் நம் பெயரும் ஏமாற்றும். கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் ஒரே வகை என்று தோன்றும். முதலாவது ரஸ்ஸல்ஸ் வைப்பர், கடித்த இடம் வீங்கும், ரத்தம் உறையாமல் போகும். இரண்டாவது க்ரெய்ட், நாகத்தின் குடும்பம், நரம்பைத் தாக்கும், கடித்த வலியே சில நேரம் தெரியாது. பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் கடிபட்டவரை உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இந்தியாவில் தரும் நச்சுமுறி மருந்து நாகம், இந்த இரண்டு, சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் பொதுவானது.

பறவைகளுக்கு மட்டும் ஆங்கிலப் பெயரை ஓரளவு நம்பலாம். பறவை நோக்குவோர் இனத்துக்கு ஒரு பெயர் என்று பட்டியல் போட்டுப் புழங்குகிறார்கள். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் பார்க்கும் சங்குவளை நாரை பெயின்டட் ஸ்டார்க், கூழைக்கடா ஸ்பாட்-பில்டு பெலிக்கன், குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து பார்-ஹெடட் கூஸ். பழைய புத்தகங்களில்தான் வம்பு. அங்கே செம்போத்து க்ரோ ஃபெசன்ட் ஆக இருக்கும். அது காகமும் இல்லை, ஃபெசன்ட் கோழியும் இல்லை, குயில் குடும்பம்; இப்போது கிரேட்டர் கூக்கல் (Greater Coucal) என்று தேடுங்கள்.

ஆகவே தமிழ்ப் பெயரிலிருந்து நேரே ஆங்கிலத்துக்குப் போகாதீர்கள். முதலில் அறிவியல் பெயரைப் பிடியுங்கள், அதிலிருந்து ஆங்கிலப் பெயருக்கு வாருங்கள். நீங்கள் தேடிய செடி எது என்று கேள்வியில் சொல்லவில்லை. இலை, பூ, காய் மூன்றும் தெரிகிற மாதிரிப் படமும், உங்கள் ஊரில் அதை என்ன சொல்லி அழைப்பார்கள் என்பதும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.