‘திங்கள் முதல் வர வேண்டாம்’: ஒரு வாட்ஸ்அப் செய்தியால் 38 பேரை நீக்க முடியுமா?

கேள்வி: தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் உள்ளாட்சி அமைப்பின் குடிநீர் நீரேற்று நிலையத்தில் 11 ஆண்டுகளாகத் தினக்கூலி அடிப்படையில் பம்ப் ஆபரேட்டராக வேலை பார்த்துவந்தேன். கூலி நேரடியாக என் வங்கிக் கணக்கிற்கு வரும். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் வாட்ஸ்அப் குழுவில், “திங்கள் முதல் பணிகள் ஒப்பந்ததாரர் வசம்; தற்போதுள்ள 38 பேரும் வர வேண்டாம்; விருப்பமுள்ளவர்கள் ஒப்பந்ததாரரிடம் பெயர் கொடுக்கலாம்” என்று செய்தி வந்தது. எழுத்தில் உத்தரவு எதுவும் தரவில்லை. இப்போது, ‘எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று தட்டச்சு செய்த தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியரான என் அப்பா, “2003-ல் லட்சக்கணக்கானோரை ஒரேயடியாக நீக்கியபோதே கோர்ட்டு ஒன்றும் செய்யவில்லை, ஒப்பந்ததாரரிடமே போய்ச் சேர்” என்கிறார். எங்களுக்கு ஆதரவாகப் பேசிய என் மைத்துனர் அரசுத் துறையில் இளநிலை உதவியாளர். தகுதிகாண் பருவத்தில் இருக்கிறார். அவர் வேலைக்கும் ஆபத்து வருமா? எங்களுக்குப் பாதுகாப்பு உண்டா? (அம்பாசமுத்திரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: முதலில் அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றுள் மிகவும் அவசரமானது அதுதான். நாளைக்கு எந்த மன்றத்தில் நீங்கள் நின்றாலும், எதிர்த்தரப்பு முதலில் நீட்டப்போகும் ஆவணம் அதுவாகவே இருக்கும். ஏற்கெனவே யாராவது கையெழுத்திட்டிருந்தால், எந்தச் சூழ்நிலையில் அது பெறப்பட்டது என்பதை விவரித்து, இந்த வாரத்திற்குள்ளேயே ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவுத் தபாலில் மறுப்புக் கடிதம் அனுப்பிவைக்கட்டும்.

‘அரசு வேலை’ என்று நாம் பொதுவாகச் சொல்வது சட்டத்தின் கண்ணில் ஒரே வகையான வேலை அல்ல. அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு, மத்திய, மாநில அரசுகளின் சிவில் பதவி வகிப்பவர்களுக்கு உரியது. நியமன அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் அவர்களை நீக்கக் கூடாது என்றும், குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரணை நடத்தி, விளக்கமளிக்க நியாயமான வாய்ப்பளிக்காமல் நீக்கக் கூடாது என்றும் அது கூறுகிறது. உள்ளாட்சி அமைப்பின் தினக்கூலித் தொழிலாளியான நீங்கள் அந்தப் பிரிவுக்குள் வரமாட்டீர்கள். இதைக் கேட்டதும் மனம் தளர வேண்டாம். உங்கள் பாதுகாப்பு தொழிலாளர் சட்டத்தில் இருக்கிறது. குடிநீர் வழங்குவது ‘தொழில்’ என்ற வரையறைக்குள் வரும் என்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் தீர்த்துவைத்துவிட்டது. ஆகவே, நீங்கள் சட்டப்படி ஒரு ‘தொழிலாளி’. உங்களை அனுப்பியது சட்டப்படி ‘ஆட்குறைப்பு’.

ஆட்குறைப்புக்குச் சட்டம் வைத்திருக்கும் முன்நிபந்தனைகள் எளிமையானவை. ஓராண்டுத் தொடர் பணி முடித்த தொழிலாளியை, அதாவது முந்தைய 12 மாதங்களில் 240 நாட்கள் வேலை செய்தவரை, ஒரு மாத எழுத்துப்பூர்வ முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தராமலும், நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகக் கொடுக்காமலும் அனுப்ப முடியாது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 25-எஃப் பிரிவாக இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அப்படியே தொடர்கிறது. நிர்வாகங்கள் அடிக்கடி மறந்துபோகிற ஒரு நுட்பம் இதில் உண்டு: இழப்பீட்டை நீக்கும்போதே தர வேண்டும். ‘பிறகு தருகிறோம்’ என்பது இந்த நிபந்தனையை நிறைவேற்றியதாகாது என்பதால், அப்படிச் செய்த நீக்கமே செல்லாததாகிவிடும். உங்கள் விஷயத்தில் முன்னறிவிப்பும் இல்லை, இழப்பீடும் இல்லை. ஒரு வாட்ஸ்அப் செய்தி மட்டுமே இருக்கிறது. அதை அனுப்பியவரின் எண்ணும் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்து, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைப்பேசியையும் மாற்றாதீர்கள். அலட்சியமாக அனுப்பிய அந்தச் செய்திதான் உங்கள் தரப்பின் முதல் சான்று.

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமான தீர்ப்பு ஒன்று 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் காசியாபாத் மாநகராட்சியில் 1990-களின் இறுதியிலிருந்து தோட்டப் பணி செய்துவந்தவர்கள், 2005 ஜூலையில் முன்னறிவிப்போ இழப்பீடோ இல்லாமல் வாய்மொழியாக நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று மாநகராட்சி வாதிட்டதை நீதிமன்றம் ஏற்கவில்லை. மீண்டும் பணியில் சேர்க்கவும், வேலையின்றி இருந்த காலத்துக்கான ஊதியத்தில் பாதியை வழங்கவும் உத்தரவிட்டது. அவர்களுக்கு இருந்த கூடுதல் வலு, நீக்கப்பட்டபோது அவர்களுடைய தொழில் தகராறு ஏற்கெனவே நிலுவையில் இருந்தது என்பது. உங்களுக்கு அது இல்லை. அந்த நீதி கிடைக்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது என் கடமை.

‘பணி நிரந்தரம்’ என்ற கோரிக்கையையும் ‘நீக்கியது செல்லாது’ என்ற கோரிக்கையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் உமாதேவி வழக்குத் தீர்ப்பு, முறையான தேர்வின்றிச் சேர்ந்தவர்கள் நிரந்தரம் கேட்பதற்குக் கடுமையான வரம்பு விதித்தது. நிரந்தரத் தன்மையுள்ள வேலையைப் பல்லாண்டு வாங்கிக்கொண்டு, பிறகு அந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடிப்பதை 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது என்றாலும், நிரந்தரத்தை முதல் கோரிக்கையாக வைத்தால் வழக்கு முழுவதும் அந்தச் சர்ச்சையிலேயே சிக்கிக்கொள்ளும். நீக்கம் சட்டவிரோதம் என்பதையே முதலில் நிலைநாட்டுங்கள். அதிலும்கூட, தினக்கூலியாளர்களுக்கு மறுபணிக்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகையை இழப்பீடாக வழங்கி முடித்த தீர்ப்புகள் பல உண்டு. வெற்றி என்றால் வேலை மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டு இறங்காதீர்கள்.

இனி, 240 நாள் கணக்கு. நீக்கியது ஒரே செய்தியில் 38 பேரை என்றாலும், சட்டத்தின் முன் அவை 38 தனித்தனி நீக்கங்கள். தகராறைச் சேர்ந்து எழுப்பலாம். நாட்களை ஒவ்வொருவரும்தான் நிரூபிக்க வேண்டும். முதற்கட்ட நிரூபணச் சுமை தொழிலாளியின் மேல்தான் இருக்கிறது. பல நல்ல வழக்குகள் தோற்பது இந்த இடத்தில்தான். உங்கள் வங்கிப் பாஸ்புத்தகமும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் அதன் விவரமும் முதன்மையானவை. பம்ப் ஆபரேட்டருக்கு வேறொரு நல்ல சான்றும் உண்டு. மோட்டார் எத்தனை மணிக்குப் போடப்பட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது என்று ஒவ்வொரு ஷிஃப்டிலும் லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டிருப்பீர்கள். அந்தப் புத்தகத்தில் உங்கள் பதினோரு ஆண்டு இருக்கிறது. அதன் நகலையும் மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டின் நகலையும் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ‘பதிவேடு இல்லை’ என்று பதில் வந்தாலும் அதைப் பத்திரப்படுத்துங்கள். அது உங்களுக்கே பயன்படும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருவெள்ளம் வந்தபோது உங்களை அவசரப் பணிக்கு அழைத்த உத்தரவோ, பிறகு தந்த பாராட்டுச் சான்றோ இருந்தால், அதுவும் கோப்பில் சேரட்டும்.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் அந்த மனு, தொழில் தகராறு எழுப்புவதற்கான காலக்கெடுவை நிறுத்தி வைக்காது. நமது மாவட்டத்தில் மனு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘கலெக்டரிடம் போயிருக்கிறது’ என்ற நம்பிக்கையிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டு, ‘மனுவைப் பரிசீலிக்க வேண்டும்’ என்று உத்தரவு வாங்குவதும் பெரும்பாலும் பயனற்றது. பரிசீலித்து நிராகரிப்பதற்கு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போதும், உங்களுக்கோ ஓராண்டு போயிருக்கும். எத்தனை நாள் வேலை செய்தீர்கள் என்பது போன்ற உண்மைத் தகராறு இருக்கும்போது, உயர் நீதிமன்றம் பொதுவாகத் தொழிலாளர் மன்றத்துக்கே போகச் சொல்லும். எனவே, திருநெல்வேலியில் உள்ள தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் தொழில் தகராறு மனுத் தாக்கல் செய்வதே நேர்வழி. சமரசம் முறிந்தால் அடுத்தபடியாகத் தீர்ப்பு மன்றத்துக்குப் போகலாம். பழைய சட்டம் தனிநபர் பணிநீக்கத்துக்கு மூன்றாண்டு அவகாசம் தந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டாண்டு. நீங்கள் இரண்டு வாரம்கூடத் தாமதிக்க வேண்டாம். வழக்கறிஞர் கட்டணம் கவலையென்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொழிலாளர்களும், வருமான வரம்பின்றிப் பெண்களும் இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள்.

உங்கள் தகப்பனார் நினைவில் வைத்திருப்பது பாதிக் கதை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் அவசரச் சட்டத்தின் துணையோடு நீக்கப்பட்டதும், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்டப்பூர்வ உரிமையோ இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் கூறியதும் உண்மை. ஆனால் அதே வழக்கில், நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டு பெரும்பாலோரை மீண்டும் சேர்த்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது. எஞ்சிய சுமார் ஆறாயிரம் பேரின் விஷயத்தைத் தனித்தனியே ஆராய ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூவரிடம் ஒப்படைக்க ஏற்பாடாயிற்று. ஒரே வீச்சில் போன நீக்கமும் கடைசியில் தனித்தனி ஆட்களின் கோப்புகளாகத்தான் முடிந்தது. மேலும், அவர்கள் நீக்கப்பட்டது வேலைநிறுத்தத்துக்காக. நீங்கள் வேலைநிறுத்தம் செய்யவில்லை, வேலைக்கு வரத் தயாராக இருந்தவர்களைத்தான் வர வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்த வேறுபாட்டை மங்கவிடாமல், பணி செய்யத் தயாராக இருப்பதாக ஒரு கடிதத்தை இப்போதே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

உங்கள் மைத்துனருக்கு 311-இன் நிழல் உண்டு. தகுதிகாண் பருவத்தினர் என்பதால் அவரை எப்படியும் அனுப்பலாம் என்பது அலுவலகப் பேச்சு, சட்டம் அல்ல. பணித்திறன் போதவில்லை என்று விதிப்படி விடுவிப்பது வேறு. ஒரு குற்றச்சாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ‘விடுவிப்பு’ என்ற பெயரில் தண்டிப்பது வேறு. ஒரு மழை நாளில் காலை உடற்பயிற்சிக்குத் தாமதமாக வந்ததற்குத் தூண்டுகோலாக இருந்ததாகக் கருதப்பட்டு, காரணம் சொல்லாத உத்தரவால் விடுவிக்கப்பட்ட பயிற்சி ஐ.பி.எஸ். அதிகாரி அனூப் ஜெய்ஸ்வாலை, அந்த உத்தரவின் திரையை விலக்கிப் பார்த்து உச்ச நீதிமன்றம் 1984-இல் மீண்டும் பணியில் அமர்த்தியது. உங்கள் மைத்துனருக்கு 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தால், குறிப்பிட்ட நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தரட்டும். அதுவரை, நடத்தை விதிகள் இருப்பதால், அவர் உங்கள் போராட்ட மேடையில் ஏறாமல் இருப்பது உங்கள் எல்லோருக்கும் நல்லது.

ஒப்பந்ததாரரிடம் சேர்வதா என்று கேட்டால், வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதை நான் மறுக்க முடியாது. சேர்வதானால், ‘என் முந்தைய பணி தொடர்பான உரிமைகளுக்குப் பாதிப்பின்றி, எதிர்ப்பைப் பதிவுசெய்து சேர்கிறேன்’ என்று உள்ளாட்சி அமைப்புக்கு எழுதி அனுப்பிய பிறகு, சமரச மனுவின் ரசீது கையில் இருக்கும்போது சேருங்கள். ஒப்பந்ததாரர் நீட்டும் விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம் இல்லை’ என்றோ ‘புதிய நியமனம்’ என்றோ இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.